பட்டறை கம்பெனியாகும்போது என்னென்ன மாறும்?

கேள்வி கேட்ட தம்பியின் குடும்பம் திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் இரும்பு வேலைப் பட்டறை நடத்துகிறது. இருபத்திரண்டு ஆட்கள். பக்கத்திலுள்ள கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பூங்காவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் தரத் தயாராக இருந்திருக்கிறது. பட்டறையை வந்து பார்த்தவர்கள் "வேலை நல்லா இருக்கு, சிஸ்டம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நாடு வேகமாகத் தொழில்மயமாகும்போது நிர்வாக முறை எப்படி நவீனமாகிறது, எங்களைப் போன்ற இடத்தில் அது எங்கே தொடங்கும், எம்.பி.ஏ. படித்த ஒரு மேனேஜரை வைத்தால் போதுமா என்று கேட்கிறார். கூடவே ஒரு வரி: எம்.காம். படித்த அக்கா கணக்கைப் பார்க்கத் தயார், அப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. மேனேஜர் வந்து உட்கார்ந்தாலும் அவர் பார்ப்பதற்கு ஏட்டில் எதுவும் இருக்காது. எந்த வேலை எந்த நாளில் முடியும், எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, எந்த வெல்டர் எதில் கெட்டிக்காரன் என்பதெல்லாம் உங்கள் அப்பா தலைக்குள்ளும் மேஸ்திரி தலைக்குள்ளும் இருக்கிறது. இந்த வட்டாரத்துச் சிறுதொழில்களுக்குத் தணிக்கை பார்ப்பதே என் பிழைப்பு. நான் கண்டவரை நிர்வாகம் நவீனமாவது என்றால் தலையில் இருப்பது தாளுக்கு வருவதும், தாளுக்கு வந்த பிறகு முடிவெடுக்கும் உரிமை ஒருவரிடமிருந்து பலருக்குப் போவதும்தான். முதல் பாதி எளிது. இரண்டாவது பாதியில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. இன்னொன்றும் உண்டு. இதை எந்த முதலாளியும் தானாக ஆசைப்பட்டுச் செய்வதில்லை. பொருள் வாங்குகிறவன், கடன் கொடுக்கிறவன், வேலைக்கு வருகிறவன், சட்டம் என்று வெளியே இருந்து யாராவது நெருக்கும்போதுதான் செய்கிறார்கள். உங்களை இப்போது நெருக்குவது வாங்குகிறவன்.

பழைய முறை மட்டம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிற அண்ணாச்சி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஊர்க்காரர் கடைக்குப் போவான். சாப்பாடும் தங்கலும் கடையிலேயே. சம்பளத்தில் பெரும்பகுதியைக் கையில் வாங்காமல் முதலாளி கணக்கிலேயே விட்டுவைப்பான். பொட்டலம் கட்டுவதில் ஆரம்பித்து, கொள்முதலுக்குக் கூடப் போய், கடைசியில் கல்லாவில் உட்காருவான். சில வருஷம் கழித்து, சேர்ந்த பணத்தோடு முதலாளியும் கொஞ்சம் போட்டு, சரக்கையும் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்துக்கொடுப்பார். பயிற்சி, ஊக்கத்தொகை, திருட்டுத் தடுப்பு, புதுக்கிளை திறப்பு நான்கும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்றைய கம்பெனிகள் ஊழியருக்குப் பங்கு கொடுத்துக் கட்டிவைப்பதும் இதே கணக்குத்தான்.

இந்த ஏற்பாட்டின் பிணை ஊர். பையன் கல்லாவில் கை வைத்தால் அவன் அப்பா ஊரில் தலைகாட்ட முடியாது. நாடார் உறவின்முறைகளில் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணம் சேர்த்ததும் இந்த நம்பிக்கையின் மேல்தான். அதுவே ஒரு கட்டத்தில் தாளுக்கு மாறியது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி, 2022-ல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. உறவுக்குள் கைமாத்துக் கொடுப்பதில் இருந்த நம்பிக்கை, இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து முன்பின் தெரியாதவன் பங்கு வாங்கும் இடத்துக்கு வர நூறு வருஷம் ஆகியிருக்கிறது. ஊர்ப்பிணை எட்டாத தூரத்துக்குத் தொழில் போகும்போதெல்லாம் அதன் இடத்தில் தாள் வந்து உட்காரும். கங்கைகொண்டான் கம்பெனிக்கு உங்கள் அப்பா யார் பிள்ளை என்பது தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து அவர்களால் பிஓ (எழுத்தில் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்) போட முடியாது.

இயந்திரத்தோடு நிர்வாகமும் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. நம் ஊர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவி நீரின் விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லும் அந்தக் காலத்ததுதான். இயந்திரம் சீமையிலிருந்து வந்தது, சங்கும் ஷிப்டும் வந்தன. ஆட்களை நடத்துவது மட்டும் மேஸ்திரி கையிலேயே இருந்தது. அந்தக் காலத்து இந்திய ஆலைகள் பெரும்பாலும் இப்படித்தான். ஆளைக் கூட்டி வருவது, யாருக்கு எந்த மெஷின் என்று முடிவு செய்வது, லீவு கொடுப்பது, நிறுத்துவது எல்லாம் அவர்தான். அதற்கு ஆட்களிடம் கையூட்டு வாங்குவதும் உண்டு. துரைக்கு நூலின் எண்ணிக்கை தெரியும், தொழிலாளியின் பெயர் தெரியாது.

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். சில நாளிலேயே கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை என்று நிர்வாகம் இறங்கி வந்தது. சுதந்திரப் போராட்டக் கதையாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். நிர்வாகக் கதையாகவும் படிக்கலாம்: வாரவிடுமுறை மேஸ்திரியின் தயவு என்பது போய் ஆலையின் விதி என்று அங்கே ஆனது அப்போதுதான். பிறகு 1931-ல் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், இந்த மேஸ்திரி ஆதிக்கத்தை ஒழித்து ஆலைகள் தொழிலாளர் அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1946-ல், வேலை நிபந்தனைகளை ஆலைகள் எழுத்தில் வைக்கச் சொன்ன நிலையாணைச் சட்டம் வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நலன் அதிகாரி கட்டாயம் என்றது. இன்றைய ஹெச்.ஆர். நாற்காலியின் முன்னோர் இவர்களே. இயந்திரம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் ஆள் நிர்வாகம் வந்திருக்கிறது, அதுவும் வேலைநிறுத்தமும் சட்டமும் இழுத்துக்கொண்டு வந்ததால்.

மேல்மட்டத்திலும் அப்படித்தான். ஹார்வி போன்றவை மேனேஜிங் ஏஜென்சிகள். ஆலைக்குப் பங்குதாரர் வேறு, நடத்துகிறவர் வேறு, நடத்துகிறவருக்குக் கமிஷன். பங்குதாரரின் லாபமும் ஏஜென்ட்டின் கமிஷனும் எப்போதும் ஒரே திசையில் போகாது. 1970 ஏப்ரலில் சட்டம் அந்த முறையை ஒரேயடியாக ஒழித்தது. அதன் பிறகுதான் சம்பளம் வாங்கும் மேனேஜிங் டைரக்டர் என்பது இங்கே வழக்கமானது.

இதற்கு நடுவில் வ.உ.சி. ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனியையும் சொல்ல வேண்டும். 1906-ல் பதிவானது, பத்து லட்ச ரூபாய் முதல், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. காகிதத்தில் பார்த்தால் அந்தக் காலத்துக்கு மிக நவீனமான அமைப்பு. எதிரி வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது, அரசாங்கமும் அதன் பக்கம், நடத்தியவரையும் சிறையில் போட்டார்கள். 1911-ல் கம்பெனியைக் கலைத்தாயிற்று. அமைப்பு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் நஷ்டத்தைத் தாங்க முதல் வேண்டும். நாளை உங்கள் பட்டறைக்கும் ஆறு மாதப் பணம் கையிருப்பு இல்லையென்றால் ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும்.

சில தொழில்களில் பொருளின் தன்மையே நிர்வாகத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-ல் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், 1949-ல் தாழையூத்தில் உற்பத்திக்கு வந்தது. சிமென்ட் சூளைக்குள் சுமார் 1,450 டிகிரி வெப்பம். அதை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் வந்து பற்றவைக்க முடியாது. நிறுத்தினால் உள்ளே பதித்த செங்கல் விரிசல் விடும், திரும்பச் சூடேற்ற எரிபொருள் வீணாகும். ஆகவே மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதி ஒப்படைக்கும் லாக் புக், முன்கூட்டியே தேதி குறித்த பராமரிப்பு, கைவசம் உதிரிபாகம் என்று எல்லாம் தானாக வரிசையில் நிற்கும். முதலாளி கண்ணில் படாத ராத்திரி இரண்டு மணிக்கும் யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். சங்கர்நகர் என்ற ஊரே அந்தச் சூளையைச் சுற்றி எழுந்தது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போனதும் சூளை நிற்கவில்லை. முதலாளி மாறினாலும் ஓடும்படிதான் அது எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பட்டறையில் சூளை இல்லை. வெல்டிங் மெஷினை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதனால்தான் இத்தனை வருஷம் எழுதாமலே தள்ள முடிந்தது.

வாங்குகிறவன் கற்றுக்கொடுத்ததற்கு எடுத்துக்காட்டு திருக்குறுங்குடிக்காரர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வழிவந்த கம்பெனிகள். பஸ் ஓட்டத் தொடங்கிய குடும்பம் அது, டி.வி.எஸ். பஸ் வருவதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பது மதுரைப் பக்கத்துப் பழைய பேச்சு. நேரம் பற்றிய அந்தக் கண்டிப்பு பிறகு வாகன உதிரிபாகத் தயாரிப்புக்குப் போனது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் உள்ளே வந்தபோது, நூற்றுக்கு எத்தனை பழுது என்று பேசிக்கொண்டிருந்த நம் ஆட்கள் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று பேச வேண்டியதாயிற்று. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானியரை ஆசிரியராக வைத்துப் பல வருஷம் பாடம் கேட்டு, 1998-ல் தர நிர்வாகத்துக்கு ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். அந்த முறையின் உயிர் ஒன்றுதான்: குறை எந்த மெஷினில் பிறந்ததோ அங்கேயே, அதை ஓட்டுகிறவனே பிடிக்க வேண்டும். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பொறுக்கி எடுப்பதற்குள் அதன் மேல் நான்கு பேருடைய உழைப்பு ஏறிவிட்டிருக்கும். பிடிக்கிறவனுக்கு மெஷினை நிறுத்தும் உரிமையும் வேண்டும். ஓட்டுகிறவன் தானே நிறுத்தலாம் என்று சொல்ல எத்தனை முதலாளிக்கு மனசு வரும்? முடிவெடுக்கும் உரிமை பலருக்குப் போவது என்று நான் சொன்னது இதைத்தான்.

தொழில் வளர்ந்தும் நிர்வாகம் மாறாமல் நின்ற இடங்களும் நம் பக்கத்தில் ஏராளம். கோவில்பட்டி தீப்பெட்டியைப் பாருங்கள். சிறுதொழிலைக் காப்பாற்ற வரிச்சலுகை கொடுத்தார்கள். 1967-ல் சிறுதொழிலுக்கு மட்டும் என்று பொருள்களை ஒதுக்கும் பட்டியல் தொடங்கி, 2015-ல்தான் அது முழுதாகக் காலியானது. நோக்கம் நல்லதுதான். விளைவு, பெரிதாவது நஷ்டமானது. ஒரே குடும்பம் அண்ணன் பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று என்று யூனிட்டைப் பிரித்துவைக்கும். எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஒரு கணக்கு எழுதினால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும் என்னும்போது யார் எழுதுவார்? ஜி.எஸ்.டி. 2017-ல் வந்தபோது நம் சிறுதொழிலில் நடந்த மாற்றம் எந்த மேலாண்மைப் பயிற்சியும் செய்யாதது என்பேன். வாங்குகிறவன் உங்களிடம் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள உங்கள் பில் கணினியில் ஏற வேண்டும். கைச்சிட்டைக்காரர்கள் ஒரே வருஷத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு வந்தார்கள், திட்டிக்கொண்டேதான்.

பீடி வேறு மாதிரி. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பல வீட்டுத் திண்ணையில் தட்டோடு ஒரு பெண் இருப்பார். இலையையும் தூளையும் ஏஜென்ட் கடையில் வாங்கி வந்து, சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆயிரத்துக்கு இவ்வளவு. கம்பெனி தலைமையகத்தில் கணினி, பிராண்டு, விநியோகம் எல்லாம் உண்டு. அடியில் நூறு வருஷத்து ஏற்பாடு அப்படியே. 1966 சட்டம் வந்து வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது, பி.எஃப். வந்தது. சுற்றும் முறையைச் சட்டம் மாற்றவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆட்களை உட்காரவைப்பதில் கம்பெனிக்கு லாபம் இல்லை, வீட்டு வேலைக்கு நடுவே சுற்றலாம் என்பதில் பெண்களுக்கு வசதி இருந்தது. நவீன நிர்வாகம் ஒரு கம்பெனிக்குள் ஒரே சீராகப் பரவும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி அக்கா விஷயத்துக்கு வழிவிடும் ஓர் ஆராய்ச்சி. 2008 வாக்கில் நிக் ப்ளூம் முதலிய பொருளாதார அறிஞர்கள் மும்பைக்கு அருகே 17 நெசவுக் கம்பெனிகளின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு மட்டும் இலவசமாகப் பெரிய ஆலோசகர்களை மாதக்கணக்கில் அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை இல்லை: பழுதை எழுதிவை, நூல் இருப்பை எண்ணிவை, மெஷினை நிற்பதற்கு முன் பார், வேலைக்கு அளவு வை. முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது. இவ்வளவு லாபம் தரும் விஷயத்தை ஏன் முன்பே செய்யவில்லை என்று பார்த்தால், பலருக்கு இது தெரியவே தெரியாது, அல்லது தங்கள் ஆலைக்கு இது வேண்டாம் என்று நினைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனி பெரிதாகிறது என்பதைத் தீர்மானித்ததோ நிர்வாகத் திறமை அல்ல, குடும்பத்தில் இருந்த ஆண்களின் எண்ணிக்கை. அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால் மூன்று ஆலை. ஒரே பிள்ளை என்றால் ஒன்றோடு சரி. வெளியாள் திருடிவிடுவான் என்ற பயம். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கற்றுக்கொடுத்ததில் ஏறக்குறையப் பாதியைக் கைவிட்டிருந்தார்கள். கற்றுக்கொண்ட மேனேஜர் வேலையை விட்டுப் போனது ஒரு காரணம், முதலாளிக்கு நேரமில்லாதது இன்னொன்று. எம்.பி.ஏ. வைத்தால் போதுமா என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

இந்தக் குடும்பச் சுவரைத் தாண்டாமல் எந்த நாடும் வேகமாகத் தொழில்மயமானதில்லை. தாண்டிய விதம்தான் வேறுவேறு. ஜப்பானில் 1890களிலேயே மிட்சுயி குடும்பம் நகாமிகாவா என்ற வெளியாளிடம் வங்கியை ஒப்படைத்தது. அவர் கெய்யோ கல்லூரிப் பட்டதாரிகளைக் கொண்டுவந்து நிரப்பினார். கெட்டிக்கார மருமகனைத் தத்தெடுத்துத் தொழிலைக் கொடுப்பதும் அங்கே வழக்கம். சுசூகி கம்பெனியைப் பெரிதாக்கிய ஒசாமு சுசூகி அப்படி வந்தவர்தான். நாம் மருமகன் பார்ப்பது ஜாதகத்தை வைத்து, அவர்கள் பேரேட்டை வைத்து. தென்கொரியாவில் சாம்சங் 1957-லேயே திறந்த தேர்வு வைத்து ஆள் எடுத்தது. உச்சியில் குடும்பம் இருக்கட்டும், அதற்குக் கீழே பரீட்சை எழுதி வந்தவன் இருக்கட்டும் என்ற சமரசம். நம் பக்கத்துக்குப் பொருந்துவது இந்தக் கொரிய வழி என்று எனக்குப் படுகிறது.

இப்போது நம்மைச் சுற்றி நடப்பது. கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை, 4.3 கிகாவாட் திறன், பணியாளரில் பெரும்பகுதி பெண்கள். 2025 பிப்ரவரியில் முறைப்படி திறந்தார்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை, 2025 ஆகஸ்டில் திறந்தது, தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு ஜோஹோ உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. எல்லாம் நவீனம்தான். ஆனால் பெரிய ஆலைகளின் கேட்டில் காலையில் நின்று பாருங்கள்: லேபர் கான்ட்ராக்டரின் வேன் வந்து நிற்கும். இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் பத்தில் நான்கு பேர் இப்போது ஒப்பந்தத் தொழிலாளர். ராயல் கமிஷன் ஒழிக்கச் சொன்ன மேஸ்திரி ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். நிரந்தர ஆளை எடுத்தால் குறைக்க முடியாது என்ற பயம் ஒரு காரணம், கூலி வித்தியாசம் இன்னொன்று. கான்ட்ராக்டர் ஆளுக்கு மெஷினை நிறுத்தும் உரிமையை யாரும் கொடுப்பதில்லை. ஆகவே தரமும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஊர் என்ற கணக்கு தனி. தூத்துக்குடி தாமிர ஆலை எவ்வளவு பெரிய கம்பெனியுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள், ஆலையை அரசு மூடியது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் திறக்க அனுமதிக்கவில்லை. காற்றையும் தண்ணீரையும் பற்றி ஊராருக்குப் பதில் சொல்வது நிர்வாகத்தின் வேலையில் சேராது என்று நினைக்கிற காலம் அதோடு போயிற்று.

சரி, உங்கள் பட்டறை. வந்து பார்த்தவர்கள் சிஸ்டம் இல்லை என்றால், பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒன்று, தகட்டின் வழி தெரியவில்லை. மில்லிலிருந்து வரும் தகட்டில், எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர் இருக்கும், அதற்கு ஒரு சோதனைச் சான்றிதழ் இருக்கும். வெட்டும்போது அந்த எண்ணை ஒவ்வொரு துண்டிலும் பெயின்டில் எழுத வேண்டும். நாளை ஒரு பிராக்கெட் முறிந்தால் எந்தத் தகடு, யார் வெட்டியது, யார் வெல்டிங் வைத்தது என்று பின்னோக்கிப் போக முடிய வேண்டும். இரண்டு, வெல்டருக்குத் தகுதிச் சோதனை செய்த பதிவு. உங்கள் வெல்டர் கைராசிக்காரராக இருக்கலாம். டெஸ்ட் பீஸை வளைத்துப் பார்த்த தாள் வேண்டும்.

இதற்கு மென்பொருள் வாங்க வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு போடுங்கள். டிராயிங் எண், கொடுத்த இரும்பின் எடை, ஹீட் நம்பர், யார் எத்தனை மணி நேரம், திரும்பச் செய்த வேலை எவ்வளவு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், ஆட்கள் மறைப்பதும் அதைத்தான். தப்பை எழுதியவனைத் திட்டினால் அடுத்த நாளிலிருந்து கார்டு சுத்தமாக இருக்கும், பயன் இருக்காது. இதை அப்பாவிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

கார்டு கொஞ்ச நாள் ஓடியதும் இரும்புக் கணக்கைப் போடுங்கள். 10 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டர் 78.5 கிலோ. வாங்கிய எடை, முடிந்த பொருளின் எடை, பழைய இரும்பாக விற்ற எடை மூன்றையும் நேர்செய்தால் எங்கே எவ்வளவு போகிறது என்று தெரியும். திருட்டு என்று உடனே நினைக்காதீர்கள். பெரும்பாலும் வெட்டும் வரிசை சரியில்லாமல் கழிவாகப் போயிருக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பட்டறைகளில் நான் அடிக்கடி பார்ப்பது, இருபது வருஷப் பழக்கம் என்று விலையை ஏற்றாமல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கும் பழைய பார்ட்டிதான் நஷ்டம் தருகிறவர் என்பது.

பெரிய கம்பெனி என்றால் பணம் தாமதமாக வரும் என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும். பத்து லட்ச ரூபாய் பில், 90 நாள் கழித்துப் பணம், வங்கியில் உங்கள் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி 12 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 30,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. எட்டு விழுக்காடு லாபம் வைத்திருந்தால் 80,000-ல் அது போய் மிச்சம் 50,000. சட்டம் இப்போது உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டத்திலும், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் முடியும். 2023-24 கணக்காண்டிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. பிஓவும், சரக்கு சேர்ந்ததற்குக் கையெழுத்திட்ட டெலிவரி சலானும் கையில் இருந்தால்தான் இதெல்லாம் கேட்க முடியும். போனில் "அனுப்பிடுங்க அண்ணாச்சி" என்று சொன்னதை நம்பி லாரி ஏற்றுகிற பழக்கத்தை நிறுத்துங்கள்.

இப்போது அக்கா. மும்பை ஆராய்ச்சியில் எண்ணியது ஆண்களை மட்டும். ஏனென்றால் அந்தக் குடும்பங்கள் எண்ணியதும் ஆண்களை மட்டும்தான். நம்பிக்கையான ஆள் இல்லை என்று தவிக்கும் வீட்டிலேயே எம்.காம். படித்தவர் இருக்கிறார் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கல்யாணமாகிப் போய்விடுவாள் என்பது அப்பாவின் பதிலாக இருக்கும். போகட்டுமே. எழுதிவைத்த முறை என்றால் அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடர்வார். டேலியைப் பாளையங்கோட்டையிலிருந்தும் பார்க்கலாம், பெங்களூரிலிருந்தும் பார்க்கலாம்.

ஆனால் கணக்கை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு அதிகாரத்தை அப்பாவே வைத்துக்கொண்டால் அவர் சம்பளமில்லாத கணக்கப்பிள்ளைதான். கொள்முதல், சம்பளம், பாக்கி வசூல் மூன்றும் அவர் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி மேஸ்திரி முதல் ஹெல்பர் வரை எல்லோர் முன்னும் அப்பாவே படிக்க வேண்டும். வங்கியில் அவருக்குத் தனிக் கையெழுத்து அதிகாரம் கொடுங்கள், தொகைக்கு ஒரு வரம்பு வைத்து. உங்கள் அளவுக்கு ஐம்பதாயிரம் சரியாக இருக்கும். அதற்கு உள்பட்ட எந்தச் செலவையும் அப்பா முன்கூட்டிக் கேட்கக் கூடாது, மாதம் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாகப் பார்க்கலாம். இதை ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள். மேனேஜர் வேண்டுமா, எம்.பி.ஏ.வா, டிப்ளமா படித்த புரொடக்‌ஷன் ஆளா என்பதை அப்போது ஜாப் கார்டுகளைப் பார்த்து அக்காவே சொல்லிவிடுவார். என் கணிப்பு, புரொடக்‌ஷன் ஆள்தான்.